சின்ன வெட்டுக்காக ஒரு விரதம்

ஒரு தலையணை இரண்டாயிற்று. பிறகு மூன்றாயிற்று. அதற்கும் பிறகு கட்டிலே ஒத்துவராமல், ஹாலில் கிடந்த மர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டேன். படுத்தால் நெஞ்சில் யாரோ ஈரத்துணி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விடும். இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது இதெல்லாம் பழகி வெகுநாள் கழித்துத்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படித் தலையணை ஏறிக்கொண்டே போனால், அதை உடம்பின் பருமன் என்று விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டாக்டர்களிடமும் மகளிடமும் திரும்பத் திரும்பக் கேட்டு, எனக்குப் புரிந்தபடி மருத்துவச் சொற்களுக்கு அர்த்தம் போட்டிருக்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எங்கள் வீடு சிகந்தராபாத் லோத்குண்டாவில், இரண்டாவது மாடி. படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே மிலிட்டரிக்காரர்களின் மதில், அதற்கு உள்ளே வரிசையாக வேப்பமரம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் இடப்பக்கம் ஒருக்களித்து, அந்த மரங்களைப் பார்த்தபடிதான் படுப்பேன். எனக்குப் பின்னால் அவர் படுத்திருப்பார். அவ்வளவுதான் என் தூக்கம். அது போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, திறந்திருக்கும் கதவு வழியாக அந்தக் கட்டிலின் என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விரிப்பு கசங்காமல் இருக்கும். கோயிலுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் பிள்ளைக்கும் வேலைக்கும் வேண்டுவார்கள். நான் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் மோட்டார் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்தில் இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் மெஷின் வைத்திருக்கிறார், படுக்கும்போது கழற்றிவிடுவார். ஹாலில் நான் இருமுவதும் மூச்சு வாங்குவதும் அவருக்குக் கேட்காது. கேட்காததில் எனக்கு நிம்மதியும் இருந்தது, ஏக்கமும் இருந்தது.

எனக்கு எடை நூறு கிலோவுக்கு மேல். எனவே எனக்கு எது வந்தாலும் காரணம் தயாராக இருந்தது. மூட்டு வலித்தால் எடை. தலை சுற்றினால் எடை. தெருமுனை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, அரிசியைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். சதை கனமாக இருந்தால் இதயத்தின் இரைச்சல் குழாயில் சரியாகக் கேட்காதாம். அதை யாரும் அப்போது சொல்லவில்லை.

ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கும் என் ஓரகத்தி புஷ்பா, அவருடைய தம்பி மனைவி, வெளிப்படையாகவே பேசுவாள். ஒரு நாள் எங்கள் வீட்டு மாடிப்படியில் எனக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டே, "அக்கா, நீங்க நிக்கிற ஒவ்வொரு படிக்கும் ஒரு தோசை கழிச்சிக்கிட்டு வந்தா, வீடு வந்து சேர்றப்ப ஒல்லியாயிடுவீங்க," என்றாள். நானும் சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது ஒரு காலையில் கண் இருட்டிக் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். மகள் ரம்யா அன்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்ததால் பிழைத்தேன். அவளுக்கு நாங்கள் பேசுகிற தமிழ் எல்லாம் புரியும், ஆனால் பதில் தெலுங்கில்தான் வரும். "நுவ்வு டென்ஷன் படக்கு அம்மா," என்று காரில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பதற்றப்படாதே என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்கு அடுப்பை அணைத்தேனா என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டது.

எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை) எடுத்த பெண் கருவியை விலாவில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். படம் சரியாக விழவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் அழுத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றைக்கு நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. என் உடம்பு அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கடைசியில் தொண்டை வழியாகக் குழாயை இறக்கிப் படமெடுத்தார்கள்.

அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள கதவு) சுருங்கிப்போயிருந்தது. அந்தக் கதவுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டும். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். அதில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, திறக்க வேண்டிய இடத்தில் ஒரு கீற்று மட்டும்தான் திறந்துகொண்டிருந்தது. சுருக்கமாகச் சொன்னால், இது அரிசியால் வந்ததல்ல. நான் பிறந்தபோதே வந்தது. அதைக் கேட்டதும் பயத்துக்கு முன்னால் எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் வந்தது. மாடிப்படியில் நின்றதெல்லாம் என் குற்றமில்லை.

வால்வை மாற்றியே ஆக வேண்டும், அதிகம் தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் தெலுங்குக்காரர். படிப்பு தமிழ்நாட்டில் என்பதால் நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். ஒரு காகிதத்தில் மார்பு எலும்பை வரைந்து, மூன்று வழிகளைச் சொன்னார்.

முதல் வழி, மார்பின் நடு எலும்பை மேலிருந்து கீழ்வரை பிளந்து திறப்பது. எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்து வேலை செய்யலாம். ஆனால் என்னைப்போல் கனத்த பெண்களுக்கு, மார்பின் பாரமே இரண்டு பக்கமும் காயத்தை இழுத்துக்கொண்டிருக்கும். எனக்குச் சர்க்கரையும் இருந்ததால் புண் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம். கம்பியால் கட்டிய எலும்பு கூடவும் நாளாகும்.

இரண்டாவது வழி சின்ன வெட்டு. எலும்பின் மேல்பாதியை மட்டும் திறப்பது. கீழ்ப்பாதி அசையாமல் இருப்பதால் இருமலாம், சளியைத் துப்பலாம், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பருமனானவர்களுக்கு நுரையீரல் ஏற்கெனவே நெருக்கத்தில் இருப்பதால் இது அவர்களுக்கு இன்னும் உதவும் என்றார். கஷ்டம் டாக்டருக்குத்தான். வாய் குறுகின, ஆழமான கிணற்றில் கைவிட்டு வேலை செய்கிற மாதிரி. உள்ளே ஏதாவது தப்பினால் பெரிய வெட்டாக மாற்ற வேண்டி வரும். வலது விலா எலும்புகளுக்கு நடுவே போவதும் உண்டு. என் விலாப்பக்கச் சதையின் கனத்துக்கு அது சரிவராது என்று அதை அப்போதே அடித்துவிட்டார்.

மூன்றாவது, தொடையின் ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை மடித்துக் கொண்டுபோய் வைப்பது. நெஞ்சைத் திறக்கவே வேண்டாம். புஷ்பாவின் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள், மூன்றாம் நாள் காப்பி கேட்டார் என்று அவள் எங்களிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு அது ஒத்துவராது என்றார் டாக்டர். அவர் எண்பதைத் தாண்டினவர், எனக்கு ஐம்பத்தொன்று. அந்த வழியில் வைக்கிற வால்வு தேய்ந்து போகும். என் இரட்டை இதழில் சுண்ணாம்பு ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் சரியாக உட்காருமா என்பதும் சந்தேகம்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி "ஹவ், ஹவ்" (எங்கள் ஊர் உருதுவில் ஆமாம்) என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் நிறுத்தி, முதல் இரண்டில் உங்களுக்கு எது சரி என்று தோன்றுகிறது என்று கேட்டார். அதற்கும் "ஹவ்" என்றார். காது மெஷினில் பேட்டரி போய்விட்டது. ரம்யா தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். நான் மட்டும் காகிதத்தில் இருந்த அந்தச் சின்னக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வெட்டு என்றால் எத்தனை நாளில் ஒருக்களித்துப் படுக்கலாம் என்று கேட்டேன். மற்றதைவிடச் சீக்கிரம் என்றார். ஸ்கேன் பார்த்து, நுரையீரலைச் சோதித்து, அதற்குப் பிறகு எந்த வழி என்று முடிவு செய்யலாம், முடிந்தவரை சின்ன வெட்டுக்கே முயற்சி செய்யலாம் என்றார். போகிறபோக்கில், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், எடையும் கொஞ்சம் குறைந்தால் நல்லது என்றும் சொன்னார்.

அவ்வளவு நேரம் பேசியதில் என் மனசில் தங்கியது அந்தக் கடைசிப் பேச்சு ஒன்றுதான். வாழ்க்கை முழுக்க எடையைப் பற்றியே கேட்டுக் கேட்டுப் பழகினவளுக்கு வேறெது தங்கும்? ஒல்லியானால் சின்ன வெட்டு, இப்படியே போனால் பெரிய வெட்டு என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் டயட் என்று சொன்னால் சிரிப்பார்கள். "நாளையிலிருந்தா?" என்பார்கள். விரதம் என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். தட்டை நீட்டமாட்டார்கள். ஆடிக் கிருத்திகை வந்தது. அவருடைய தாத்தா காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்டாலும், அவர்கள் வீட்டுக்கு இன்றைக்கும் திருத்தணி முருகன்தான் குலதெய்வம். ஆபரேஷன் நல்லபடியாக முடிய, அன்றிலிருந்து ஒருபொழுது (நாளுக்கு ஒருவேளை உணவு) என்று அறிவித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த ஒருவேளையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒரு கரண்டி சாதம், மோர். பிறகு மோர் மட்டும். சர்க்கரைக்கான மாத்திரைக்காக இரண்டு பிஸ்கட். எடை இறங்கியது. ரவிக்கை தொளதொளத்தது. புஷ்பா வந்து பார்த்துவிட்டு, "அக்கா, முகத்துல ஒரு களை வந்திருக்கு. இப்படியே விடாம புடிச்சுக்குங்க," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என் உடம்பைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. பசி அடங்கிப்போன மாதிரி இருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி கட்டிலைப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொள்வேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். நடக்கவிட்டுப் பார்த்தார்கள். என் கையை ஒரு பிடிக்கருவியில் வைத்து இறுக்கச் சொன்னார்கள், இறுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்துவிட்டார். கையில் ரத்தப் பரிசோதனை முடிவு. அல்புமின் (ரத்தத்தில் இருக்கும் புரதம், காயம் ஆறவும் உடம்பு தாக்குப்பிடிக்கவும் வேண்டியது) மிகவும் இறங்கியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். விரதம் என்றேன். எதற்கு என்றார்.

சின்ன வெட்டுக்கு என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "அம்மா, ஒல்லியா இருந்தா சின்ன வெட்டு, குண்டா இருந்தா பெரிய வெட்டுன்னு நான் சொன்னேனா? உங்கள விட வெயிட் இருக்கிறவங்களுக்கு நான் சின்ன வெட்டு போட்டிருக்கேன். நீங்க இப்ப கொழுப்பு குறைக்கல. மூச்சு விடுற சதையைக் குறைச்சிட்டு வந்திருக்கீங்க. இந்த ரத்தத்தோட நான் எந்த வெட்டு போட்டாலும் ஆறாது."

தேதி தள்ளிப்போனது. சத்து ஏறும்வரை ஆபரேஷன் இல்லை. ஆனால் வால்வு காத்திருக்குமா என்பதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. சிரமப்படாமல் இருங்கள், மயக்கம் வந்தால் உடனே ஓடிவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சின்ன வெட்டுக்கு ஆசைப்பட்டு, எந்த வெட்டும் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

காரை ரம்யா ஓட்டினாள். தார்நாகா சிக்னலில் வண்டி நின்றது. ரம்யா முன்னால் பார்த்தபடியே பேசினாள். தமிழில் பேசினாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பேசினதோடு சரி, வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள்.

"நீ ஒல்லியா எனக்கு வேணாம்மா. நீ இருந்தா போதும்."

சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பருமனான ஒருத்திக்கு எல்லோருமாக உட்கார்ந்து ஊட்டுவது என்பது அதுவரை நாங்கள் யாரும் பார்த்திராத காட்சி. முட்டையின் வெள்ளைக்கரு, பருப்பு, பனீர், முளைகட்டிய பயறு. அவருக்கு இட்லியைத் தவிர எதுவும் செய்யத் தெரியாது. இட்லி மாவிலேயே பருப்பை அரைத்துக் கலந்து கல்லைப்போல ஒன்று செய்துகொண்டு வந்தார். "தின்னு சகு. இது உள்ள போனா வால்வே பயந்து திறந்துக்கும்," என்றார். கூடவே மூச்சுப் பயிற்சிக் கருவி (மூன்று பந்துகளை உறிஞ்சி மேலே ஏற்றும் பிளாஸ்டிக் டப்பா) கொடுத்திருந்தார்கள். முதல் பந்து ஏறும். இரண்டாவது ஊசலாடும். மூன்றாவது அசையவே அசையாது. பயமும் ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் தட்டின் முன்னால் உட்காரும்போது, இது முடியும்வரை அந்தக் கீற்றுக் கதவு திறந்துகொண்டிருக்குமா என்றுதான் யோசிப்பேன். சாப்பாட்டின் ருசி எனக்கு நினைவில்லை. வாய்க்கு எதிரே நீண்ட கைகள் நினைவிருக்கின்றன.

ஐப்பசி சஷ்டி சமயத்தில் எல்லோரும் விரதம் இருந்தபோது நான் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முருகன் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ரத்தம் தேறியது. தேதி கிடைத்தது. என் வயதுக்கு உலோக வால்வுதான் நாள்பட வரும் என்று முடிவாயிற்று. ஸ்கேன் படங்களைப் பார்த்த டாக்டர் சின்ன வெட்டிலேயே ஆரம்பிக்கிறேன் என்றார். தேவைப்பட்டால் பெரிதாக்குவோம் என்பதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது மூச்சு முட்டியது. தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்தார். அவருடைய காது மெஷினில் பேட்டரி புதிது. நான் கேட்டதோ, வீட்டில் அடுப்பை அணைத்தீர்களா என்பதுதான்.

விழித்தபோது தொண்டையில் குழாய். கைகளைக் கட்டிலோடு மெத்தென்ற துணியால் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க. இதை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள், பயம் கொஞ்சம் குறையும். உயிரோடு இருக்கிறேன் என்பது தெரிந்தது. அடுத்த நினைவு வெட்டைப் பற்றித்தான். தொட்டுப் பார்க்கக் கை இல்லை. குனிந்து பார்க்கக் கழுத்து இல்லை. நெஞ்சில் எது வலிக்கிறது, எதுவரை வலிக்கிறது என்று உள்ளிருந்தே தடவிப் பார்த்தேன். மருந்து மயக்கத்தில் எல்லை பிடிபடவில்லை.

ரம்யா மாஸ்க்கோடு உள்ளே வந்தாள். நான் கண்ணால் நெஞ்சைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துச் சின்னதாகக் காட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, இரண்டு கையையும் எடுத்து, நீளமாகக் காட்டினாள்.

சின்ன வெட்டில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதியதைத் தைத்தபோது, சுண்ணாம்பு அரித்த விளிம்பில் பின்பக்கமாக ரத்தம் கசிந்தது. அந்த மூலை சின்ன வாசலில் தெரியவில்லை. டாக்டர் காத்திருக்காமல் மீதி எலும்பையும் திறந்துவிட்டார். "அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் யோசிச்சிருந்தா நான் இப்ப உங்ககிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன்மா," என்று பின்னால் என்னிடம் சொன்னார். நீங்கள் விரதம் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உங்கள் எடைக்கும் சம்பந்தமில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். சுண்ணாம்பு படிந்த இடம் அப்படி.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்கி அதிகாரி அம்மா இருந்தார். என்னைவிடக் கனமானவர். அதே வால்வு, அதே டாக்டர், சின்ன வெட்டு. எனக்கு இரண்டு நாள் பின்னால் ஆபரேஷன் ஆனவர், எனக்கு முன்னால் நடைபாதையில் நடந்தார். மெதுவாகத்தான், ஆனால் நிமிர்ந்து நடந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. அவரும் விடவில்லை. எட்டிப் பார்த்துத் தெலுங்கில், உங்களுக்கு ஃபுல் மீல்ஸ் கிடைத்துவிட்டது, எனக்கு வெறும் டிபன்தான் என்றார். சிரித்தால் எலும்பு வலிக்கும். சிரிக்கும்போதும் இருமும்போதும் அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தலைக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்த தலையணை இப்போது நெஞ்சுக்கு வந்துவிட்டது.

என்னைப்போல் இரண்டு வெட்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். அதனால் சொல்கிறேன். சின்ன வெட்டு கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்குக் காயத்தின் கீழ்முனை ஆறாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டர் முதல் நாளே காகிதத்தில் வரைந்து சொன்ன அதே இடம். முன்பக்கம் கொக்கி வைத்த, இரண்டு பக்கத்துப் பாரத்தையும் தாங்குகிற கச்சையை ராத்திரி பகல் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கனத்த பெண்கள் இதை வெட்கப்படாமல் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்காமல் இருந்தேன். அளவு கிடைக்காமல் ரம்யா மூன்று கடை ஏறினாள்.

மூச்சு சரியாகிவிட்டது. நெஞ்சில் இருந்த மூட்டையை யாரோ எடுத்துவிட்டார்கள். மூன்றாவது பந்தும் ஏறியது. கட்டிலில் படுக்கலாம். ஆனால் மல்லாந்து மட்டும். எலும்பு கூடும்வரை, மூன்று மாதமாவது, ஒருக்களிக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது, வாளி தூக்கக் கூடாது.

மல்லாந்து படுத்தால் மின்விசிறிதான் தெரியும். வேப்பமரம் தலைக்கு இடப்பக்கம், கழுத்தைத் திருப்பினால் உச்சி மட்டும் தெரியும். காற்றில் அது அசைவது கேட்கும். நாற்காலியில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு ஏக்கம் இருந்ததில்லை. அப்போது கட்டில் தூரத்தில் இருந்தது. இப்போது கட்டிலிலேயே இருக்கிறேன், கால்வாசித் திருப்பம்தான் பாக்கி. அவர் என் மேல் கை பட்டுவிடுமோ என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுக்கொண்டார். மேலே வாருங்கள் என்றால், "நக்கோ, நக்கோ, வேணாம். கம்பி கட்டியிருக்கு, ஷார்ட் ஆயிடும்," என்பார்.

அந்த மாதங்களில்தான் வால்வின் சத்தம் எனக்குப் பழகியது. உலோக வால்வு மூடும்போது ஒரு சின்ன டிக் கேட்கும். அமைதியான அறையில் மற்றவர்களுக்கும் கேட்கும். ரம்யாவுக்குக் கேட்டது. புஷ்பாவுக்குக் கேட்டது. "அக்கா, இனி நீங்க வீட்டுல எங்க ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சிடலாம்," என்றாள். வரும்போது அவள் எனக்காகப் பருப்புப் பொடி அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். எடையைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் நான் அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருப்பேன், ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்று. வார்ஃபரின் (வால்வில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை) போட்டுக்கொண்டேனா என்று ஒரே மாத்திரைக்கு நான்கு தடவை எழுந்து பார்ப்பேன். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்குமாம், கோங்குரா (புளிச்சக்கீரை) துவையலை வாரம் இவ்வளவுதான், ஒரே அளவுதான் என்றார்கள். பயம் என் கூடப் பிறந்தது. அதை எந்த வெட்டிலும் எடுக்கமாட்டார்கள்.

அவருக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அது ரொம்ப மெல்லியது, மெஷின் அதைப் பிடிக்காது. எப்படி இருக்கும் என்று ரம்யாவிடம் கேட்டார். அவள் நகத்தால் மேசையில் தட்டிக் காட்டினாள். அவர் மேசையைத் தொட்டுப் பார்த்தார்.

எலும்பு கூடிவிட்டது என்று படம் எடுத்துச் சொன்னது ஒரு சனிக்கிழமை. டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "படுங்கம்மா, எந்தப் பக்கம் வேணுமோ படுங்க," என்றார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலுக்குப் போனேன். ஒரே ஒரு தலையணை வைத்தேன். முழங்காலை மடித்து, இடுப்பைத் திருப்பி, தோளைக் கடைசியாகத் திருப்பினேன். கம்பி கட்டின இடம் கடுத்தது. மார்பின் பாரம் ஒரு பக்கமாக இறங்கியது. கொஞ்சம் பொறுத்தேன். எதிரே ஜன்னல், மதில், வேப்பமரம். போன கோடைக்கு முன்னால் பார்த்த மரம். ஒரு கிளையை யாரோ வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் புதுத் துளிர் செம்பு நிறத்தில் கிளம்பியிருந்தது.

இந்தப் பக்கம் படுத்தால் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது, மெத்தைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அவர் பாயை எடுக்கவில்லை. கட்டிலின் அந்த ஓரத்தில் மெதுவாக ஏறி, எனக்குப் பின்னால் படுத்தார். வழக்கம்போல மெஷினைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார். இனி நான் எது சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அதனால்தானோ என்னவோ சொன்னேன். நாற்காலியில் இருந்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னேன். மரத்தைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

அவர் வலது காதை என் முதுகில் வைத்தார். ரவிக்கைக்கு மேலே, இடது தோள்பட்டைக்குக் கீழே. அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார். தொழிற்சாலையில் மோட்டார் மேல் அவர் அப்படித்தான் காதை வைப்பாராம், முன்பு சொல்லியிருக்கிறார்.

"ஹவ்," என்றார். கொஞ்சம் கழித்து, "ஓடுது சகு. சீரா ஓடுது."

என் குரல் கேட்காத காதுக்கு அது கேட்டுவிட்டது. எலும்பு வழியாகப் போயிருக்கிறது. எந்த எலும்பை நீளமாகப் பிளந்தார்கள் என்று நான் அழுதேனோ, அதே கூட்டின் எலும்பு.

அவர் அப்படியே தூங்கிப்போனார். தலை என் முதுகில் கனத்தது. என் இடது கை உடம்புக்குக் கீழே மரத்துப்போய்க்கொண்டிருந்தது. வெளியே வெயில் மதிலைவிட்டு மரத்துக்கு ஏறியது. முன்பெல்லாம் மாத்திரைக்கு நேரம் ஆகிவிட்டதா என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடிகாரம் எனக்குப் பின்னால், எதிர்ச் சுவரில் இருந்தது. திரும்பினால்தான் தெரியும்.

நான் திரும்பவில்லை.